ஒப்பந்தக் கெடு முடிந்த பிறகும் 'விலகல் கட்டணம்'

பிராட்பேண்ட் பில்லில் எதைக் கட்ட வேண்டும், எதை மறுக்கலாம்?

கடைக்கு டெலிபோன் வேண்டி மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தை நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று நிலைமை தலைகீழ். இணைப்பு வேண்டும் என்று வாய் திறந்தால் மாலைக்குள் ஆள் வந்து ஒயர் இழுத்து, பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார். பில் போடும் கம்ப்யூட்டர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இ-வே பில், கல்லாவுக்கு மேலே இருக்கும் கேமரா, மொத்த வியாபாரியிடம் அனுப்பும் ஆர்டர் என்று எல்லாமே அந்த ஒயரை நம்பித்தான் ஓடுகின்றன.

கொடுக்கும்போது இருக்கும் இந்த வேகம், 'வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நாம் சொல்லும்போது இருப்பதில்லை. வேறு கம்பெனி குறைந்த வாடகைக்குத் தருகிறது என்று மாறுகிறோம். அல்லது கடையையே வேறு தெருவுக்குக் கொண்டுபோகிறோம். பழைய கம்பெனியின் கணக்கு அத்தோடு முடிந்தது என்று நினைத்திருக்கும்போது, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு 'இறுதி பில்' வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் வசூல் ஏஜெண்டின் போன், அப்புறம் வக்கீல் நோட்டீஸ். தொகை ஐயாயிரம், ஏழாயிரம் என்று இருப்பதால், 'தொல்லை விட்டால் போதும்' என்று கட்டிவிடுகிறவர்களே அதிகம். ஒரு மளிகைக் கடையில் ஏழாயிரம் ரூபாய் நிகர லாபம் பார்க்க எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஆகவே இந்தப் பில்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு பில், மூன்று இனங்கள்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கடைக்கு மாதம் ரூ. 799 வாடகையில், 24 மாதக் குறைந்தபட்சக் கால ஒப்பந்தத்தில் இணைப்பு வாங்கப்பட்டது. இணைப்பு உயிர்பெற்ற தேதி 12-6-2023. அப்படியானால் கெடு 11-6-2025-இல் முடிகிறது. கடைக்காரர் அதற்குப் பிறகும் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டு வந்தார். 3-9-2025-இல் இணைப்பை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதம் வந்த பில் இது: முன்கூட்டி விலகியதற்குக் கட்டணம் ரூ. 3,000, ரூட்டர் விலை ரூ. 2,000, ஒரு மாத நோட்டீஸ் கால வாடகை ரூ. 799. ஆக ரூ. 5,799. இதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ரூ. 1,043.82. மொத்தம் ரூ. 6,842.82.

இதை ஒரே தொகையாகப் பார்த்துச் சண்டை போடுவதால்தான் பலர் தோற்கிறார்கள். மூன்று இனங்களும் மூன்று விதமானவை. ஒன்றை அடியோடு மறுக்கலாம். ஒன்றுக்கு ரசீது காட்டினால் போதும். மூன்றாவதை ஒருவேளை கட்டத்தான் வேண்டியிருக்கும்.

நோட்டீஸ் கால வாடகையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுத்துவதற்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்து, நாம் அறிவிப்புக் கொடுத்த அன்றே ஒயரைப் பிடுங்கச் சொல்லியிருந்தால், அந்த ஒரு மாத வாடகையைக் கம்பெனி கேட்பதில் பெரிய தவறில்லை. நம் கடையில் வாடகைக்கு இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தால் நாம் கேட்க மாட்டோமா? அப்படி ஷரத்து இல்லையென்றால் அதுவும் கிடையாது. ஷரத்து இருக்கிறதா என்பதைப் படிவத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரூட்டர் பெட்டி விஷயம் அத்தாட்சி விஷயம். பெட்டி கம்பெனிக்குச் சொந்தமானது, இரவலாகத் தந்தது என்றால் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தந்ததற்கு எழுத்து வேண்டும். வாங்கிப் போகிற பையன் 'ஆபீஸில் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி' என்பான். அடுத்த மாதம் அவன் வேறு கம்பெனியில் வேலை பார்ப்பான். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ, வாங்கிக்கொண்டவர் கையெழுத்தும் தேதியும் உள்ள ஒரு துண்டுச் சீட்டு, இந்த இரண்டும் இருந்தால் ரூ. 2,000 தானாகக் கழியும். இவை கையில் இல்லாமல் போராடுவது வீண். பெட்டி இன்னும் கடையிலேயே கிடந்தால், 'வந்து எடுத்துப் போங்கள், தயாராக இருக்கிறது' என்று எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். எடுக்க வராதது அவர்கள் பொறுப்பு.

மீறல் இல்லாத இடத்தில் நஷ்டஈடு ஏது?

இனி முக்கியமான இனம். விலகல் கட்டணம் என்பது என்ன? கம்பெனி ஒயர் இழுத்தது, பெட்டி தந்தது, பொருத்தும் கூலியைத் தள்ளுபடி செய்தது. 24 மாத வாடகையில் அதை எடுத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. நாம் எட்டாவது மாதமே போய்விட்டால் அந்தக் கணக்கு உதைக்கும். அதை ஈடு செய்யத்தான் இந்தக் கட்டணம். ஆக இது ஒப்பந்தத்தை மீறியதற்கான நஷ்டஈடு. 24 மாதமும் முழுதாகக் கட்டியவர் எதையும் மீறவில்லை. மீறல் இல்லாத இடத்தில் நஷ்டஈடும் இல்லை. பில்லில் என்ன பெயர் வைத்திருந்தாலும் விஷயம் இதுதான்.

கெடு முடியாமல் விலகியவர்களுக்கும் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அது. ஒப்பந்தத்தில் அபராதமாக ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல், நியாயமான நஷ்டஈடு மட்டுமே கிடைக்கும் என்பது அதன் சாரம். எழுதிய தொகை உச்சவரம்பு. அப்படியே எடுத்துக்கொள்ளும் உரிமை அல்ல.

இந்தப் பிரிவில் பெயர் பெற்ற தீர்ப்பு ஒன்று, ஆச்சரியமாக, நம்மைப் போன்ற ஒரு சரக்கு வியாபாரியின் வழக்கில் வந்தது. மௌலா பக்ஷ் என்பவர் 1947-இல் உத்தரப் பிரதேசப் பகுதி ராணுவத் தலைமையகத்துக்கு உருளைக்கிழங்கு சப்ளை செய்ய ஓர் ஒப்பந்தமும், கோழி, முட்டை, மீன் சப்ளை செய்ய இன்னோர் ஒப்பந்தமும் எடுத்தார். முன்பணமாக ரூ. 10,000-மும் ரூ. 8,500-மும் கட்டியிருந்தார். சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று சர்க்கார் ஒப்பந்தங்களை ரத்து செய்து, ரூ. 18,500-ஐயும் பறிமுதல் செய்துகொண்டது. அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை. வழக்கு ஏறி இறங்கி 1969-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்தது சரி என்ற நிலையிலும், பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று கோர்ட் சொன்னது. காரணம் எளிது: உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் மார்க்கெட் விலை உண்டு. வெளியில் என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று சர்க்கார் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. நஷ்டத்தைக் கணக்குப் போட முடிகிற இடத்தில், கணக்கைக் காட்டித்தான் பணம் கேட்க வேண்டும்.

பிராட்பேண்ட் பில்லுக்கும் இதையே கேட்கலாம். 'ரூ. 3,000 எந்த நஷ்டத்துக்கு? ஒயருக்கா, பெட்டிக்கா, பொருத்திய கூலிக்கா? அவை எத்தனை மாதத்தில் ஈடாகின?' எட்டாவது மாதம் விலகியவருக்கும் இருபத்து மூன்றாவது மாதம் விலகியவருக்கும் ஒரே தொகை போட்டிருந்தால், அது கணக்கல்ல என்பது பார்த்த உடனே தெரியும்.

கம்பெனி சொல்லும் பதில்கள்

'கெடு முடிந்தும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை; அதனால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது' என்பது முதல் பதில். இதில் பயப்பட வேண்டாம். ஆனால் படிவத்தைப் படிக்காமல் பதில் சொல்லவும் வேண்டாம். முதல் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்தே இல்லையென்றால் வாதம் முடிந்தது. கெடுவுக்குப் பிறகு கட்டியது மாத வாடகை. மாதக் கணக்கில்தான் சேவை நடந்தது. ஒருவர் சும்மா இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்குக் கட்டிப்போட முடியாது. ஷரத்து இருக்கிறது, அதுவும் பொடி எழுத்தில் இருக்கிறது என்றால் விவகாரம் கொஞ்சம் சிக்கல். அப்போது கேட்க வேண்டியது: கெடு முடிவதற்கு முன் எனக்கு அறிவிப்பு வந்ததா? எந்தத் தேதியில், எந்த நம்பருக்கு? புதிய கெடுவுக்காக எனக்கு நீங்கள் புதிதாகக் கொடுத்தது என்ன?

இங்கிலாந்தில் இந்தத் தானியங்கிப் புதுப்பித்தலையே, வீட்டு வாடிக்கையாளருக்கும் பத்துப் பேருக்கு மேற்படாத சிறு வியாபாரத்துக்கும், ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2011-இல் தடை செய்துவிட்டது. 2020 பிப்ரவரியிலிருந்து, கெடு முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன் கம்பெனியே கடிதமோ செய்தியோ அனுப்பித் தெரிவித்தாக வேண்டும் என்றும் விதி செய்தது. சின்னக் கடைக்காரனையும் வீட்டுக்காரரைப் போலவே பாதுகாக்க வேண்டும் என்று அங்கே தோன்றியிருக்கிறது. நம் சங்கங்கள் டிராய் அமைப்பின் கலந்தாய்வுகளில் இதைக் கேட்டு எழுதலாம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் வலுவானது. 'நடுவில் நீங்கள் பிளான் மாற்றினீர்கள்; அன்றிலிருந்து புதுக் கெடு ஆரம்பம்.' இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது போன் வரும். 'சார், அதே வாடகையில் வேகத்தைக் கூட்டித் தருகிறோம், சரியா?' என்பார்கள். 'சரி சரி' என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்க்கப் போய்விடுவோம். கடையை இடம் மாற்றியபோது ஒயர் மாற்றித் தந்ததையும் புது ஒப்பந்தம் என்று எழுதிக்கொள்வதுண்டு. அப்படிப்பட்ட சமயத்தில் போன் பேச்சின் ஒலிப்பதிவையும், அதற்குப் பின் வந்த எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலையும் கேட்டு வாங்குங்கள். அதில் 'புதிதாக 12 மாதக் கெடு' என்று தெளிவாகச் சொல்லப்பட்டு நாம் ஒப்புக்கொண்டிருந்தால், கட்டணத்தை அடியோடு மறுப்பது நியாயமாகாது. நியாயமான அளவுக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். வேகத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கெடுவைப் பற்றி மூச்சே விடவில்லை என்றால், அந்தக் கெடு நம்மைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது விஷயம் பதில்கூட இல்லை. சிற்றூர்களில் இருக்கும் வில்லங்கம். இணைப்பைத் தந்தது பெரிய கம்பெனியாக இருக்கும். ஆனால் ஒயர் இழுத்தது, மாதாமாதம் கடைக்கு வந்து பணம் வாங்கிப்போனது எல்லாம் உள்ளூர் கேபிள்காரர். அவரிடம் 'அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம்' என்று சொல்லியிருப்போம். அவரும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார். கம்பெனியின் கம்ப்யூட்டரிலோ கணக்கு உயிரோடு இருக்கும், பில் ஏறிக்கொண்டே இருக்கும். கேபிள்காரர் ஏஜென்சியை விட்டுவிட்டால் கேட்க ஆளே இல்லை. ஆகவே ரொக்கமாகப் பணம் கொடுத்தாலும் கம்பெனி பெயரில் ரசீது வர வேண்டும். செல்போனில் வரும் 'பணம் பெற்றோம்' செய்தியை அழிக்கக் கூடாது. நிறுத்தும் அறிவிப்பைக் கேபிள்காரரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும். படிவத்தில் யார் பெயர் ஒப்பந்ததாரராக இருக்கிறதோ, அவர்தான் நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஏஜெண்டின் கையில் கொடுத்த பணம் கம்பெனிக்குக் கொடுத்த பணமே என்று வாதிட, அந்த ஏஜெண்டு கம்பெனியின் ஆள் என்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருக்க வேண்டும்.

எந்தக் காகிதம், எந்த வாசல்

தேதி ஒன்றுதான் இந்த வழக்கின் உயிர். விண்ணப்பப் படிவத்தின் நகல், இணைப்பு உயிர்பெற்றதாக வந்த செய்தி, முதல் பில், கடைசியாகக் கட்டிய பில், நிறுத்தச் சொன்ன செய்தி ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படிவ நகல் இல்லையென்றால் கம்பெனியிடம் கேளுங்கள். 24 மாதம் என்று நான் ஒப்புக்கொண்டதைக் காட்டு என்பதற்கு அவர்களிடமும் அதைத் தவிர வேறு காகிதம் இருக்காது. கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஒயர் இழுத்த நாளா, இணைப்பு ஓடத் தொடங்கிய நாளா, முதல் பில் தேதியா? இதில் இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் வருவதுண்டு.

முதல் வாசல் கம்பெனியின் புகார் மையம். 2012-ஆம் வருட டிராய் விதிமுறைகளின்படி புகாருக்குப் பதிவு எண் தர வேண்டும். போனில் பேசினால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிச் சிட்டையில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியில்லை, அல்லது பதிலே இல்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவரும் கம்பெனி ஆள்தானே என்று தோன்றும். உண்மைதான். ஆனாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் எங்கு போனாலும் 'கம்பெனியிடம் முறையாகக் கேட்டீர்களா?' என்பதுதான் முதல் கேள்வி. பதிவு எண் தராத சிறு கம்பெனியானால், நாம் அனுப்பும் கடிதமே பதிவு. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் வாங்கி வைக்க வேண்டும்.

டிராய் அமைப்புக்கே நேராக எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தனி நபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். சின்னத் தொகைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டெலிபோன் பில் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது, தந்திச் சட்டப்படி மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதை வைத்துக்கொண்டு கம்பெனிகள் வெகுகாலம் தப்பித்தன. 16-2-2022-இல் வோடஃபோன் ஐடியா வழக்கில் அந்தக் கதவு திறந்தது. மாதம் சராசரி ரூ. 555 வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே மாதத்தில் ரூ. 24,609.51 பில் வந்த விவகாரம் அது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தடையில்லை என்று தீர்ப்பானது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்குள் தொலைத்தொடர்பு என்ற சொல்லே இருக்கிறது. நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கோர்ட் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் கடைக்காரருக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. 'வணிக நோக்கத்துக்காக' சேவை பெறுகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொல்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு. 1995-இல் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் மீது லக்ஷ்மி எஞ்சினியரிங் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியது. தன் பிழைப்புக்காகத் தானே இயக்கும் இயந்திரம், தானே ஓட்டும் ஆட்டோ இவற்றை வாங்குபவர், உதவிக்கு ஒன்றிரண்டு பேர் வைத்துக்கொண்டாலும், நுகர்வோர்தான் என்றது. (வழக்குப் போட்ட கம்பெனி அந்த அளவுகோலில் தேறவில்லை என்பது வேறு.) பழைய சட்டத்தின் விலக்கில் பொருளும் சேவையும் இரண்டும் இருந்தன. 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருள் மட்டுமே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கட்டாயம் பிடித்துக்கொள்வார். நம் தரப்பில் சொல்ல, அதே 2019-இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் வந்த தீர்ப்பு இருக்கிறது: வாங்கியதன் பிரதான நோக்கம் என்ன, லாபம் ஈட்டும் காரியத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். குடும்பமே உட்கார்ந்து நடத்தும் சிறு மளிகைக் கடை துணிந்து போகலாம். நாலு கிளையும் கிடங்கும் வைத்திருக்கும் மொத்த வியாபாரி நுகர்வோர் ஆணையத்தை நம்பிப் போவது உசிதமல்ல.

அப்படிப்பட்டவருக்கும், ஏன் எல்லோருக்குமே, அதிகம் பேருக்குத் தெரியாத வாசல் ஒன்று இருக்கிறது. நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ், போக்குவரத்து, மின்சாரம், தபால், தொலைபேசி முதலிய பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்காக ஏற்பட்டது. இங்கே 'நீ நுகர்வோரா, வியாபாரியா' என்ற கேள்வி இல்லை. கட்டணமும் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் தீர்ப்பும் சொல்ல அதிகாரம் உண்டு. ஒரு கோடி ரூபாய் வரையுள்ள தகராறுகள் வரலாம். வேறு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே இங்கு வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, கம்பெனி தரப்பிலிருந்து வரும் 'லோக் அதாலத் நோட்டீஸ்'. முத்திரை எல்லாம் போட்டு வருவதால் கடையில் இருக்கும் பெண்கள் பயந்துவிடுகிறார்கள். அது டிகிரி அல்ல, வாரண்டும் அல்ல. வழக்குப் போடுவதற்கு முந்திய சமரசப் பேச்சுக்கு அழைப்பு. காகிதங்களோடு போய், 'கெடு முடிந்த தேதி இது. பாக்கி இல்லை' என்று சொல்லிவிட்டு வரலாம். நாம் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அங்கே எந்தத் தொகையும் நம் தலையில் விழாது.

எழுதும்போது கவனம்

கட்ட வேண்டிய பகுதியைக் கட்டிவிடுங்கள். அதுவே பாதி பலம். ஆனால் எந்தக் கடிதத்திலும் 'பாக்கித் தொகையை விரைவில் செலுத்துகிறேன், சலுகை தாருங்கள்' என்று எழுதாதீர்கள். பணம் வசூலிக்க மூன்று வருஷக் கெடு என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் கெடு அன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். தானியங்கிப் பிடித்தம் கொடுத்திருந்தால் அதை முதலில் ரத்து செய்யுங்கள். கார்டு, யு.பி.ஐ. பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கம்பெனிக்கு எழுத ஒரு மாதிரி:

"ஐயா, வாடிக்கையாளர் எண் ……… உள்ள எங்கள் கடை இணைப்பு 12-6-2023 அன்று தொடங்கியது. 24 மாதக் குறைந்தபட்சக் காலம் 11-6-2025 அன்று நிறைவடைந்தது. அக்காலம் முழுவதற்கும், அதன் பின்னரும், வாடகை செலுத்தப்பட்டுள்ளது. 3-9-2025 அன்று இணைப்பை நிறுத்தக் கோரினோம். தங்கள் ரூட்டர் (சீரியல் எண் ………) ……… தேதியில் ஒப்படைக்கப்பட்டது. ரசீது நகல் இணைப்பு.

தாங்கள் அனுப்பிய பில்லில் விலகல் கட்டணம் ரூ. 3,000, ரூட்டர் விலை ரூ. 2,000 ஆகியவற்றையும் அவற்றின்மேல் போட்ட வரியையும் மறுக்கிறோம். ஒப்பந்தக் காலம் முடிந்த பின் விலகியதால் மீறல் எதுவும் இல்லை. புதிய ஒப்பந்தக் காலம் இருப்பதாகத் தாங்கள் கருதினால், எங்கள் சம்மதத்துக்கான ஆதாரத்தையும், தங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தின் கணக்கையும் 15 நாட்களுக்குள் அனுப்பவும். நோட்டீஸ் கால வாடகை ரூ. 799-ம் அதற்குரிய வரியும் இத்துடன் செலுத்தப்படுகின்றன. மறுக்கப்பட்ட தொகையைப் பாக்கி என்று எந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டாம். மறுக்கப்பட்ட தொகைக்குக் கிரெடிட் நோட் அனுப்பவும்."

கடன் தகவல் நிறுவனத்தைப் பற்றிய வரி வெறும் சம்பிரதாயம் அல்ல. டெலிகாம் கம்பெனிகளும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் தருவதுண்டு. ஏழாயிரம் ரூபாய்ப் பாக்கி என்று ஒரு வரி ஏறிவிட்டால், வங்கியில் ஓ.டி. புதுப்பிக்கும்போது மேனேஜர் அதைக் காட்டிக் கேட்பார். அதனால் இறுதி பில் தகராறு வந்தவர்கள் மூன்று நான்கு மாதம் கழித்து ஒருமுறை தங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். தவறான வரி இருந்தால் திருத்தக் கோரி எழுதலாம். 26-4-2024 முதல் ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்திய ஏற்பாட்டின்படி, கடன் தகவல் புகாரை 30 நாட்களில் தீர்க்காமல் இழுத்தடித்தால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ரூ. 100 நஷ்டஈடு உண்டு.

கிரெடிட் நோட் விஷயம் ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்களுக்கு. 'கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டோம் சார்' என்று போனில் சொன்னால் போதாது. அந்தப் பில் நம் ஜி.எஸ்.டி. எண்ணில் ஏறியிருக்கும், கணக்குப்பிள்ளை அதன் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்தும் இருப்பார். கிரெடிட் நோட் வந்ததும் அந்த வரவைத் திருப்ப வேண்டும். நோட் வராவிட்டால் பேரேட்டில் கம்பெனியின் பெயரில் தொகை நின்றுகொண்டே இருக்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு இல்லை. அவர்கள் கட்டிவிட்டால் 18 சதவிகிதமும் கைநஷ்டம். எந்த நிதியாண்டில் பில் போட்டார்களோ, அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டினால்தான் கம்பெனி தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். 2025 அக்டோபர் பில் என்றால் 30-11-2026. அந்தத் தேதியைக் கடிதத்தில் குறிப்பிட்டே கேளுங்கள். கம்பெனியின் கணக்குப் பிரிவு அதற்குப் பதில் எழுதும்.